நமது கலைஞர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி

(மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் நினைவு நாளான அக்டோபர் 8 அன்று மாலை, மூலக்கொத்தளத்தில் தொழிலாளர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! தாய்மார்களே! வேலை விட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து நிற்கும் தம்பிமார்களே!

1959-ம் ஆண்டு இதே அக்டோபர் 8-ம் தேதி, இதே சென்னைப் பட்டணத்தில், நமது கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 29. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வாலிபர்களில் பாதிப் பேருக்கு அந்த வயது இருக்கும். சினிமாவுக்குப் பாட்டு எழுத அவருக்குக் கிடைத்த காலம் மொத்தம் ஐந்து ஆண்டு சொச்சம்தான். அந்த ஐந்து ஆண்டில் அவர் எழுதி வைத்துவிட்டுப் போனதை அறுபது ஆண்டுக்கு மேலாக நாம் பாடிக்கொண்டிருக்கிறோம். நடவு வயலில் பாடுகிறார்கள், டீக்கடை ரேடியோ பாடுகிறது, நம் சங்கத்து மேடையிலும் பாடுகிறோம்.

அவரைப் பற்றிப் பிறகு வருகிறோம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உங்களோடு மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு கலைஞன் செத்துப் போனால் நம் ஜனங்கள் அழுகிறார்கள். பெற்ற தகப்பன் போனதுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. "கூத்தாடி செத்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, படிப்பறிவு இல்லாத கூட்டம்" என்று படித்த கனவான்கள் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்கள் பேசட்டும். ஆனால் நம்மிலேயே சிலர் அப்படிப் பேசியதுண்டு. அதைத்தான் இன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்த ஒரு பெரியவர் வீட்டுக்குச் சந்தா வாங்கப் போயிருந்தோம். சுவரில் இரண்டு படம். ஒன்று லெனின். பக்கத்தில் எம்.ஜி.ஆர். கூட வந்த இளந்தோழர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, லெனின் பக்கத்துல இவரு எதுக்கு? கழட்டிடுங்களேன்" என்றார். பெரியவர் கோபப்படவில்லை. "லெனின் படத்த நீங்க குத்தீங்க, மாட்னேன். இத்த நான் துட்டு குத்து வாங்கினேன். எத்த கழட்டச் சொல்ற தம்பி?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. வெளியே வந்த பிறகு அந்த இளந்தோழர் ஒரு பர்லாங்கு தூரம் வாய் திறக்கவில்லை. சந்தா கேட்கப் போனவர்கள் பாடம் படித்துக்கொண்டு திரும்பினோம்.

யோசித்துப் பாருங்கள். பகல் முழுவதும் மேஸ்திரியின் அதட்டலைக் கேட்டவன், ராத்திரி கொட்டகையில் போய் உட்கார்ந்தால், திரையிலே ஒருவன் சவுக்கைப் பிடுங்கி மிராசுதாரையே அடிக்கிறான். ரிக்‌ஷா இழுப்பவனாக, மீன் பிடிப்பவனாக, மாடு மேய்ப்பவனாக அவன் வருகிறான். உழைக்கிறவனைக் கதாநாயகன் என்று நிறுத்திக் காட்டுகிறான். அது நிஜமா, பொய்யா என்பது வேறு விவகாரம். தஞ்சைத் தரணியில் சாட்டையடியையும் சாணிப்பாலையும் எதிர்த்துச் செங்கொடி ஏந்திய விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் காட்சி என்ன செய்திருக்கும் என்று நினைக்க வேண்டாமா? அந்த அபிமானத்தைக் கேலி செய்வது அவனுடைய வலியைக் கேலி செய்வதாகும்.

இந்த அபிமானம் எம்.ஜி.ஆரோடு தொடங்கியதும் அல்ல. இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் பிராட்வே டாக்கீஸ் இருந்தது. 1944 தீபாவளிக்கு அங்கே தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' வந்தது. மூன்று தீபாவளியைப் பார்த்தது அந்தப் படம். இதில் விசேஷம் என்னவென்றால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிச் சிறைக்குப் போய்விட்டார். கூடவே கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் போனார். ஆயுள் தண்டனை விதித்தார்கள். லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போராடி, 1947-ல்தான் இருவரும் விடுதலையானார்கள். ஆள் உள்ளே, அவருடைய குரல் வெளியே பிராட்வேயில் ஜனங்களைக் கூட்டிக்கொண்டிருந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் கொலை வழக்கைப் பற்றி என்ன நினைத்தார்களோ, பாட்டைக் கைவிடவில்லை.

ஆனால் சிறையிலிருந்து வந்த பாகவதரை, ஒரு காலத்தில் அவர் வாசலில் காத்துக் கிடந்த பண உலகம் எப்படி நடத்தியது? படங்கள் ஓடவில்லை, ஆட்கள் விலகினார்கள். தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்று கதை கட்டப்பட்ட மனிதர், 1959 நவம்பர் 1-ம் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில், நீங்களும் நாமும் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிற அதே ஆஸ்பத்திரியில், காலமானார். பட்டுக்கோட்டை போன பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1957 ஆகஸ்ட் 30-ம் தேதி, கலைவாணரும் போய்விட்டார். அவருக்கு வயது 48.

கலைவாணரைப் பற்றி இந்தக் கூட்டத்தில் இரண்டு வார்த்தை அதிகமாகவே சொல்ல வேண்டும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன் அவர். வில்லுப்பாட்டில் தொடங்கி, நாடகக் கம்பெனியில் வளர்ந்து, சினிமாவில் சிரிப்பையே சிந்தனைக்கு வண்டியாகப் பூட்டினார். நந்தனார் சரித்திரம் எல்லோருக்கும் தெரியும். கோவிலுக்குள் போக வேண்டும் என்பது அவர் ஏக்கம். கலைவாணர் அதைத் திருப்பிப் போட்டு 'கிந்தனார்' ஆக்கினார். தீண்டாதவன் என்று தள்ளப்பட்ட பையன் பள்ளிக்கூடத்துக்கு ஏங்குகிறான், படிக்கிறான், மேலே வருகிறான். 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் வந்தது அது. சேரிப் பிள்ளைகள் தம்மை அதில் பார்த்துக்கொண்டார்கள். சோவியத் நாட்டுக்குப் போய்விட்டு வந்து, அங்கே கலைஞனுக்கு என்ன மரியாதை என்று சொன்னவரும் அவர்தான். சம்பாதித்ததைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். மிச்சம் வைக்கத் தெரியாத மனிதர்.

இப்படிப்பட்டவர் போனால் ஜனங்கள் அழாமல் என்ன செய்வார்கள்? நாமும் அழுவோம். அதில் வெட்கமில்லை.

வெட்கப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

1987 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். மறைந்தார். இங்கிருக்கும் பெரியவர்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. நாம் அப்போது சிறு பிள்ளைகள். ராஜாஜி ஹாலுக்குக் கால்நடையாகப் போன தகப்பன்மார்களும் தாய்மார்களும் நம் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள். செருப்பை எங்கே விட்டோம் என்று தெரியாமல் வெறுங்காலோடு திரும்பியதாகச் சொல்வார்கள். அந்தத் துக்கம் சத்தியமானது. ஆனால் அந்த நாட்களில் கடைகள் சூறையாடப்பட்டன, போலீஸ் துப்பாக்கி எடுத்தது, மவுண்ட் ரோட்டில் இருந்த கருணாநிதி சிலை உடைக்கப்பட்டது. இவற்றைவிடக் கொடுமை, துக்கம் தாங்காமல் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள் சுமார் 30 பேர் என்று செய்திகள் கூறின.

தோழர்களே, அந்த 30 பேரில் ஒருவருடைய பெயரையாவது உங்களில் யாருக்காவது தெரியுமா? கை தூக்குங்கள் பார்ப்போம்.

ஒரு கையும் எழவில்லை. எழாது. தலைவர்களின் சமாதிக்கு நினைவு நாள்தோறும் மலர் வளையம் போகிறது. அன்று உயிர் விட்டவன் வீட்டுக்கு யார் போனார்கள்? அவன் பெண்சாதி அடுத்த மாத வாடகைக்கு எங்கே போனாள்? அவன் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு எந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான்? கலைஞன் மறைந்த துக்கத்தில் ஒரு தொழிலாளி தன் உயிரை விட்டால், அந்தக் கலைஞனுக்கு அதனால் ஒரு பெருமையும் இல்லை. திரையிலே அவன் யாரைக் காப்பாற்றுவதாக நடித்தானோ அந்தக் குடும்பம்தான் தெருவில் நிற்கிறது. அந்த மரணத்தைத் "தியாகம்" என்று மேடையில் பேசி ஓட்டுக் கேட்டவர்களும் இருந்தார்கள். அப்படிப் பேசியவர்களை நாம் மன்னிக்கத் தயாராக இல்லை.

ஆகையால் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலே, தெருவிலே, ஒருவர் அப்படி மனம் உடைந்து, சாப்பிடாமல், பேசாமல் உட்கார்ந்திருந்தால், "சினிமா பைத்தியம்" என்று விட்டுவிடாதீர்கள். தனியாக விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், பேச வையுங்கள், சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நாங்கள் வருகிறோம். பெரும்பாலும் அந்தத் துக்கத்துக்கு அடியிலே வேறு துக்கம் இருக்கும். வேலை போயிருக்கும், கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். நடிகனுடைய சாவு கடைசி முடிச்சு, அவ்வளவுதான்.

துக்கத்தை எப்படித் தாங்குவது என்பதை மூலக்கொத்தளத்துக்காரர்களுக்கு வெளியூரிலிருந்து வந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த இடுகாட்டில்தான் 1939-ல் மொழிப் போரில் சிறையில் உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் படுத்திருக்கிறார்கள். பட்டணமே திரண்டு வந்து வழியனுப்பிய சாவுகள் அவை. அதே இடுகாட்டுக்குத்தான் மூட்டை தூக்கியவனும், மீன் கூடை சுமந்தவளும், சாக்கடையில் இறங்கி மூச்சடைத்தவனும் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்குப் பேப்பரில் செய்தி இல்லை. ஆனால் பாட்டு உண்டு. கானாப் பாட்டு!

சாவு வீட்டில் இராத்திரி முழுக்கக் கானா பாடுகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பாடுவதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டுக்காரர்களிடம் விசாரிக்கிறார்கள். "இன்னா வேலை பாத்தாரு? சொந்த ஊரு எது? புள்ளைங்க பேரு இன்னா? எதுல கில்லாடி?" இவ்வளவும் கேட்டுக்கொண்டு, அங்கேயே அப்போதே பாட்டில் கோக்கிறார்கள். விடியற்காலம் வரைக்கும் அந்தக் கூலிக்காரன்தான் கதாநாயகன். அவன் சண்டை போட்டது, கேரம் போர்டில் ஜெயித்தது, பெண்சாதிக்குப் பயந்தது எல்லாம் பாட்டாகிறது. அழுதுகொண்டிருப்பவர்கள் நடுவிலே சிரித்துவிடுகிறார்கள். ஒரு வருஷம் கழித்து நினைவு நாளுக்கும் பாடுகிறார்கள். இதைக் குடிகாரன் பாட்டு, ரவுடிப் பாட்டு என்று ஒதுக்கியவர்கள் பின்னாளில் இதே மெட்டைச் சினிமாவில் போட்டுக் காசு பார்த்தார்கள். பாட்டு சினிமாவுக்குப் போனது நல்லதுதான். பாடினவன் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிகிறதா என்பதையும் யாராவது போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது.

செத்தவனுடைய பெயர், வேலை, குணம், பிள்ளைகள் என்று ஒன்றையும் விடாமல் பாடுவதுதான் அஞ்சலி என்பதை நம் தெருப் பாடகர்கள் காட்டிவிட்டார்கள். இதே முறையைப் பெரிய கலைஞர்களுக்கும் வைத்துப் பார்ப்போமே! அவர் என்ன வேலை செய்தார்? அந்த வேலை இப்போது யார் கையில் இருக்கிறது?

அப்படிக் கேட்டால் எம்.பி.சீனிவாசன் நினைவுக்கு வருகிறார். எம்.ஜி.ஆர். மறைந்து மூன்று மாதம் முடிவதற்குள், 1988 மார்ச் 9-ம் தேதி, லட்சத்தீவில் அவர் காலமானார். பஸ் எதுவும் எரியவில்லை, கடைகள் மூடவில்லை. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குச் செய்திகூடத் தெரிந்திருக்காது. யார் அவர்? மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். டில்லியில் தோழர் ஏ.கே.கோபாலனுக்குச் செயலாளராக வேலை செய்தவர். பிறகு இசையமைப்பாளராகி, 1960-ல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை கொடுத்தார். சேர்ந்திசைக் குழு கட்டி, சாதாரணப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக மேடையில் நிறுத்திப் பாட வைத்தார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். சினிமாவில் வாத்தியம் வாசிக்கிறவனுக்குச் சங்கம் கட்டினார். அந்தக் காலத்தில் பிடில் வாசிப்பவனும் தபேலா வாசிப்பவனும் ஸ்டூடியோ வாசலில் காத்திருப்பான். எத்தனை மணி நேரம் என்று கணக்கில்லை. கூலி எப்போது வரும் என்று தெரியாது. "கலைஞனுக்கு எதற்குச் சங்கம்?" என்று கேட்டார்கள். கலைஞனுக்கும் வயிறு உண்டு என்று பதில் சொன்னார் சீனிவாசன். வாத்தியக்காரர்கள் மட்டுமல்லாமல், படத்தொழிலில் விளக்குப் பிடிப்பவர், ஒப்பனை போடுபவர், தையல் தைப்பவர் என்று எல்லோரும் ஒரே சம்மேளனமாகச் சேருவதற்கு அவரும் நிமாய் கோஷும் உழைத்தார்கள். அவர்கள் போட்ட அஸ்திவாரத்தின்மேல் இன்றைக்கும் சினிமாத் தொழிலாளி நின்றுகொண்டு கூலி கேட்கிறான். மெரினாவில் அவருக்குச் சமாதி கிடையாது. சங்கம் இருக்கிறது.

சினிமாத் தொழிலாளி என்றால் வேறு யாரோ என்று எண்ண வேண்டாம். நம் ஆட்கள்தான். பெரம்பூர் பக்கம் பின்னி மில் தெரியுமல்லவா? 1918-ல் இந்த நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் எழக் காரணமாயிருந்த மில். 1921-ல் மாதக்கணக்கில் போராட்டம் நடந்த மில். 1996-ல் அது மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. அதன் பிறகு அந்தக் காலிக் கொட்டகைகளில் என்ன நடந்தது? சினிமாப் படப்பிடிப்பு நடந்தது! தறி ஓடிய இடத்தில் கதாநாயகன் பத்துப் பேரைப் பந்தாடினான். திரையில் அந்தப் பாழடைந்த சுவரைப் பார்த்து, "அங்கதான் எங்கப்பா ஷிப்ட் பாத்தாரு" என்று கொட்டகையில் சொன்ன பிள்ளைகள் உண்டு. அந்தச் சண்டையில் அடி வாங்கி விழுகிறவனும், அவன்மேல் வெளிச்சம் அடிக்கிறவனும் யார்? நம்மைப்போல் அன்றாடக் கூலிதான்.

2020 பிப்ரவரி 19-ம் தேதி இராத்திரி, பூந்தமல்லிப் பக்கம் ஒரு படப்பிடிப்புத் தளத்தில், விளக்குகளை ஏற்றியிருந்த கிரேன் சரிந்து மூன்று பேர் செத்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், கார் உருளும் காட்சி எடுக்கும்போது சண்டைக் கலைஞர் ஒருவர் உயிர் விட்டார். ரசிகன் கைதட்டுகிற காட்சி அது. கதாநாயகனுக்காக உருண்டவன் அவன். நடிகனுக்குக் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றுகிற தம்பிமார்களே, அந்தப் படத்தில் கிரேனுக்கு அடியில் நிற்பவனுக்குப் பாதுகாப்பு உண்டா என்று ஒரு தடவை உரக்கக் கேளுங்கள். ரசிகர் மன்றம் கேட்டால் முதலாளி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். டிக்கெட் வாங்குகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு.

சமீப காலத்தில் ரசிகர்களின் அஞ்சலி மாறிக்கொண்டு வருகிறது என்பதையும் சந்தோஷத்தோடு சொல்ல வேண்டும். நகைச்சுவை நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17-ல் மறைந்தார். மரம் நடுவதைத் தம் வேலையாக வைத்துக்கொண்டிருந்தவர் அவர். தெருத்தெருவாக இளைஞர்கள் மரக்கன்று நட்டார்கள். கன்று நட்டால் போதாது, தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது வேறு கதை. நம் தெருமுனையில் நட்டதை ஆடு தின்றுவிட்டது; அதற்குக் கூண்டு போட வேண்டும் என்று நாம் மூன்று தடவை பேசிவிட்டோம், இன்னும் போடவில்லை.

கர்நாடகத்தைப் பாருங்கள். 2006 ஏப்ரல் 12-ம் தேதி நடிகர் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரில் கலவரம். எட்டு உயிர் போயிற்று. அதே ராஜ்குமாரின் பிள்ளை புனித் 2021 அக்டோபர் 29-ம் தேதி, 46 வயதில், திடீரென்று இறந்தார். மறுபடியும் அதே நடக்குமோ என்று எல்லோரும் அஞ்சினார்கள். நடக்கவில்லை. தகப்பனைப் போலவே பிள்ளையும் கண் தானம் செய்திருந்தார். அவருடைய இரண்டு கண்களால் நான்கு பேருக்குப் பார்வை வந்தது. அதைக் கேள்விப்பட்ட ரசிகர்கள் கண் வங்கிகளின் வாசலில் வரிசையாக நின்று எழுதிக் கொடுத்தார்கள். 15 ஆண்டுக்கு முன் கல்லெடுத்த கூட்டமும் இந்தக் கூட்டமும் வேறு வேறு ஜனங்கள் இல்லை. அதே தொழிலாளி, அதே ஆட்டோ ஓட்டுபவன்.

விஜயகாந்த் 2023 டிசம்பர் 28-ல் மறைந்தபோது, நம் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தீவுத் திடலில் உடலை வைத்திருந்தார்கள். நம்மவர்கள் பலர் போனீர்கள். அவர் அரசியலோடு நமக்கு எத்தனையோ பேதம் உண்டு. கூட்டு வைத்ததும் உண்டு, விலகியதும் உண்டு. ஆனால் ஜனங்கள் அன்று வரிசையில் நின்று எதைப் பேசிக்கொண்டார்கள்? அவருடைய சண்டைக் காட்சிகளைவிட, படப்பிடிப்பில் தமக்கு என்ன சாப்பாடோ அதேதான் கடைசித் தொழிலாளிக்கும் இலையில் விழ வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததைத்தான் பேசினார்கள். கோயம்பேட்டில் அவர் சமாதியில் சோறு போட்டார்கள். வெட்டிய வசனத்தை ஜனங்கள் மறந்துவிடுவார்கள். சாப்பாட்டில் காட்டிய சமத்துவத்தை மறக்கமாட்டார்கள்.

இனி நமது கவிஞருக்கு வருகிறோம்.

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்ற கிராமம். 1930 ஏப்ரல் 13-ல் பிறந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. வயல் வேலை தொடங்கி எத்தனையோ வேலை பார்த்து வயிறு வளர்த்தவர். அந்த வட்டாரம் எப்படிப்பட்டது? மலேயாவில் தொழிலாளர் இயக்கத்தில் இருந்துவிட்டு வந்து, ஊரில் நிலப்பிரபுக்களை எதிர்த்து நின்ற வாட்டாக்குடி இரணியனை 1950 மே மாதம் போலீஸ் சுட்டுக் கொன்ற வட்டாரம். அந்தக் காற்றைச் சுவாசித்து விவசாய இயக்கத்தில் வளர்ந்த பையன், 'ஜனசக்தி'யில் பாட்டு எழுதினான்; நாடகக் குழுவில் சேர்ந்து நடித்தான்; பாரதிதாசனிடம் இருந்து பழகினான்; பிறகு சென்னைக்கு வந்து சினிமாவில் நுழைந்தான்.

நுழைந்தவன் என்ன செய்தான்? சினிமாவுக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. காதல் பாட்டு எழுதினான், தாலாட்டு எழுதினான், கிண்டல் எழுதினான்; எங்கே சந்து கிடைத்தாலும் உழைக்கிறவன் பக்கத்து நியாயத்தை உள்ளே வைத்துத் தைத்துவிட்டான். முதலாளி பணம் போட்ட படத்தில், முதலாளியின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, இந்த வேலையை அவன் செய்தான்! எம்.ஜி.ஆர். வாயசைத்த அந்தப் பாட்டுகள் அவருடைய அரசியலுக்கே தூணாயின. அதை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னதுண்டு.

அவர் போன பிறகும் பாட்டுகள் வந்துகொண்டிருந்தன. 1960 பொங்கலுக்கு ஜெமினியின் 'இரும்புத்திரை' வந்தது. மில் தொழிலாளியாகச் சிவாஜி கணேசன் நடித்த படம். சம்பளம் கையில் விழுகிறது, பைக்குப் போகவில்லை, எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை என்று மாதக் கடைசியில் நாம் தலையைச் சொறிவோமே, அதை அப்படியே அதில் பாட்டாக வைத்திருந்தார். பாட்டு கொட்டகையில் ஒலித்தபோது எழுதியவர் மறைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. 1961-ல் 'அரசிளங்குமரி'யும் 'திருடாதே'யும் வந்தன. அவற்றில் பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திமதியாக வந்தவற்றை இன்றும் பள்ளி விழாக்களில் பாடுகிறார்கள். கைக்குழந்தையையும் இளம் மனைவியையும் விட்டுவிட்டு 29 வயதில் போன மனிதன், செத்த பிறகும் இரண்டு வருஷம் புதுப் பாட்டோடு கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தான் தோழர்களே!

அந்தப் பாட்டுகளைக் கேட்டு முதன்முதலாகக் கைதட்டியவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. அவர்கள் கைதட்டிய கொட்டகைகளும் போய்விட்டன. பிராட்வே போயிற்று. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-ல் மூடிவிட்டது. பாட்டு இப்போது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஆனால் சேர்ந்து உட்கார்ந்து கேட்பது நின்றுவிட்டது. சேர்ந்து அழுவதும் குறைந்துவிட்டது. தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக அழுகிறோம். முதலாளிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆகவே சில காரியங்களைச் சங்கத் தோழர்கள் கலந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு உட்காருகிறோம்.

அடுத்த ஞாயிறு தொடங்கி, மாலை 5 மணிக்குச் சங்க அலுவலகத்தில் பட்டுக்கோட்டையின் பாட்டுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வாய்ப்பாட்டுத்தான், பெட்டி வாசிக்க ஒரு தோழர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நம் வட்டாரத்தில் சாவுக் கானா பாடுகிற கலைஞர்களைக் கூப்பிட்டு, அவர்கள் இதுவரை பாடியவற்றை எழுதி வைக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் வாங்கியாகிவிட்டது. எழுதுவதற்குப் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பெண் பிள்ளைகள் வேண்டும். பையன்கள் கையெழுத்து நமக்கே புரிவதில்லை. சினிமாப் படப்பிடிப்புக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் நம் தெருக்களில் இருக்கிறார்கள், யாருக்கு அடையாள அட்டை உண்டு, யாருக்கு இன்சூரன்ஸ் உண்டு என்று கணக்கெடுக்க வேண்டும்.

மேடைக்கு இடது பக்கத்து மேசையில் கண் தானப் படிவம் வைத்திருக்கிறது. வயது தடையில்லை, கண்ணாடி போட்டவர்களும் கொடுக்கலாம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். ஆகையால் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்தச் செய்தியை வீட்டிலும் சொல்லி வையுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் போடும் கையெழுத்தால் பயனில்லை. முதல் படிவத்தில் ஒரு பெரியவர் ஏற்கெனவே கைநாட்டு வைத்துவிட்டார். லெனினையும் எம்.ஜி.ஆரையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாரே, அவர்தான். அதோ, நாற்காலி போட்டும் உட்காராமல் நிற்கிறார்.

இப்போது நம் தோழர்கள் பாடப் போகிறார்கள். தாய்மார்கள் குழந்தைகளைக் கொஞ்சம் முன்னால் விடுங்கள். டோலக் வந்துவிட்டதா? சரி, தொடங்கலாம்.